வீட்டுப் பத்திரத்தை வைத்து சீட் வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு அப்பா மகளுடன் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். பிளஸ் டூ முடித்த பெண். சட்டம் படிக்க வேண்டும், அதுவும் கிரிமினல் பக்கம்தான் என்கிறாள். தாய்மாமாவோ கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் பேசி வைத்திருக்கிறார். "வீட்டை அடகு வைத்தால் சமாளிக்கலாம், ஆனா பொண்ணு போலீஸ், கோர்ட்னு அலையணுமா சார்?" என்றார் அப்பா.

முதலில் ஆறுதல்தான் சொன்னேன். அடகு என்றதும் நிறுத்திவிட்டேன். ஐயா, அவளுக்கு விருப்பமே இல்லாத படிப்புக்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகக் கூடாது. அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்புக்கே அந்த முன்பணத்தின் அளவு செலவாகாது.

நீதிபதித் தேர்வு, கம்பெனி வேலை எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளுக்காக முழுநேர வக்கீல்களை நியமிக்கிறார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2022 திட்டம் அது. உதவி வக்கீல் பணிக்கு, பார் கவுன்சிலில் பதிவு செய்த புதிதிலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த வேலைதான், தனியாக வழக்கு எடுக்க முடியாது. ஆனால் மாதச் சம்பளம் உண்டு.

ரிமாண்ட் அன்று, அதாவது கைதானவரைக் காவலில் வைக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவரும் நாளில், அந்த வக்கீல் முதலில் பார்ப்பது தேதிகளை. பொதுவாக 60 நாளில், பெரிய குற்றம் என்றால் 90 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் கைதியின் உரிமை. ஆனால் மனு போட வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போச்சு. 2020 மே மாதம், ஊரடங்கில் இந்தக் கெடு நீளுமா என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி நீளாது என்றார், சில நாளில் இன்னொருவர் நீளும் என்றார். ஜூனில் உச்ச நீதிமன்றம் நீளாது என்று முடித்தது. அந்த வக்கீல் அடுத்துப் பார்ப்பது கைதுக்கான காரணம். அதைக் கைதிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் எல்லா வழக்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படித் தராததால் கைது செல்லாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மனுவின் வேர், கீழ்க் கோர்ட்டில் அன்று யாரோ கவனித்துக் குறித்த ஒரு வரியில் இருக்கிறது.

இதைச் சொன்னபோது உங்கள் மகள் தன் நோட்டில் 60, 90 என்று எழுதி, கீழே கோடு போட்டாள். நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அலைச்சல் உண்டு, மறைக்க மாட்டேன். சரி, ஒரு நாள் அவளை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். பின் பெஞ்சில் நீங்களும் உட்காருங்கள். மாமாவிடம் அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.