53 வயதில் தமிழி படிக்கலாமா?

கேள்வி: மேலூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். எனக்கு 53 வயது, படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. போன மாதம் ஒரு விசேஷத்துக்கு அரிட்டாபட்டி போனபோது, மலைக்குகையில் இருந்த பழைய எழுத்தைக் காட்டினார்கள். அதை நானே வாசிக்க வேண்டும் என்று ஆசை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இந்த வயதில் தனியாகப் படித்தால் ஏறுமா ஐயா?
வாசகி, மேலூர்

பதில்: ஏறும் அம்மா. நீங்கள் பார்த்தது தமிழி, அதாவது தமிழ்ப் பிராமி எழுத்து. நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். நாற்பது தாண்டித்தான் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய், தமிழிக்குப் பின்னால் வந்த வட்டெழுத்து பழகினேன். ப, வ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிற்கும். என்னைக் காப்பாற்றியது, அங்கே சிலைகளுக்குக் கீழே திரும்பத் திரும்ப வரும் 'மாணாக்கர்', 'செய்வித்த திருமேனி' என்ற சொற்கள். ஒரு சிலைக்குக் கீழே பிடிபட்ட எழுத்து அடுத்த சிலைக்குக் கீழேயும் கைகொடுத்தது.

எழுத்து அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டு மலை ஏறலாம் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் அந்த அட்டவணையோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த அந்த ஒரு வரியில் தொடங்குங்கள். 'நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்' என்பது அறிஞர்கள் தந்த வாசிப்பு. முழாகை என்றால் குகை. அதைச் செதுக்கச் செய்தவனின் பெயர்தான் முன்னால் இருப்பது. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கல்லைப் பாருங்கள். ழ எது, ன எது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அசோகர் காலத்துப் பிராமியில் இந்த இரண்டும் கிடையாது, தமிழுக்கென்று உருவாக்கியவை. அதனால் அவற்றைக் கண்டுபிடிக்கும்போது ஒரு தனிச் சந்தோஷம்.

தனியாகப் படிப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆபத்து, தப்பாகப் படித்தாலும் 'தப்பு' என்று சொல்ல ஆள் இருக்காது என்பது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். நமக்கு அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். உங்களுக்கு அதைப் பக்கத்து மலையே செய்யும். 'கொடுபிதோன்' என்பதை 'கொடுத்தவன்' என்று எடுத்துக்கொள்ளத்தான் மனது முதலில் ஓடும். மாங்குளம் ஓவாமலைக்குப் போனால் அங்கே 'கொட்டுபித்தஅ' என்று இரட்டை மெய்யோடு வெட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் அரிட்டாபட்டியில் ட், த் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது, சொல் 'கொட்டுபித்தோன்', நம் வழக்கில் 'கொட்டுவித்தோன்' என்று பிடிபடும். அதாவது, கல்லைக் கொத்தச் செய்தவன். ஒரு கல்லின் வாசிப்பை இன்னொரு கல்லில் வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாள் ஆகும் என்று பயப்படாதீர்கள். மாங்குளம் கல்வெட்டை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் கண்டது 1882-இல். இந்தக் குகை எழுத்துகளின் மொழி தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924-இல். படித்தவர்களுக்கே இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. அப்புறம், இந்த எழுத்துகளை மலை மலையாக ஏறிப் படியெடுத்து 2003-இல் முழுத் தொகுப்பாகக் கொண்டுவந்த ஐராவதம் மகாதேவன் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்வெட்டு அவருக்கு உத்தியோகம் இல்லை.

கேள்வி: செல்லூரில் தறி ஓட்டுகிறேன். இரவு வேலை முடிந்ததும் வரலாறு பற்றிய வீடியோ நிறையப் பார்க்கிறேன். காலையில் ஒன்றும் நினைவில்லை. மூளை மழுங்கிவிட்டதா?
வாசகர், செல்லூர்

பதில்: மூளைக்கு ஒன்றும் இல்லை தம்பி. பார்க்கும்போது புரிவதும் பிறகு நினைவில் நிற்பதும் வேறு வேறு வேலை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தொடாமல் போனைக் கவிழ்த்துவிட்டு, இப்போது என்ன சொன்னார்கள் என்று நாலு வரி கையால் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டிய இடம். மறுநாள் தறியில் நிற்கும்போது அதே நாலு வரியை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், வீடியோவில் கேட்டதைப் புத்தகத்தில் தேடுங்கள். வீடியோவில் அடித்துச் சொல்வதில் எத்தனை விஷயம் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது என்று பார்த்தால், உங்களுக்கே கேள்வி பிறக்கும்.

கேள்வி: சான்றிதழ் தராத படிப்பால் என்ன லாபம் என்று என் மகன் கேட்கிறான்.
வாசகர், திருமங்கலம்

பதில்: அவனையும் ஒரு நாள் மலைக்குக் கூட்டிப் போங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது, எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி வரி தெளிவாகத் தெரியும். குகைக்குள் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸோ சுண்ணாம்போ மட்டும் தடவ விடாதீர்கள். போட்டோவுக்காக அப்படிப் பூசி வைத்த இடங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.