சொகுசு செடானுக்கு 19 இன்ச் வீல் போடலாமா?

கேள்வி இதுதான்: "பெரிய சொகுசு செடான் வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து 17 இன்ச் வீலோடு வந்தது. 19 அல்லது 20 போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார்கள். சொகுசு கெடாமல் எதுவரை போகலாம்?"

18 வரை தாராளமாகப் போங்கள். 19-க்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, கீழே சொல்கிறேன். 20 பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

நான் 17-லிருந்து நேராக 19-க்குத் தாவி, ஒன்பது மாதம் ஓட்டிவிட்டு, 18-க்கு இறங்கி வந்தவன். அதனால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. நீளமான வண்டி, அகலமான மட்கார்டு வளைவு, அதற்குள் 17 இன்ச் வீல். ஆறடி ஆள் சின்னப் பையனின் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது மாதிரிதான் இருந்தது. 19 மாட்டிய அன்று வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போது, வீட்டு வாசலுக்குள் திரும்பித் திரும்பி மூன்று முறை பார்த்தேன்.

அந்த வாரமே அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். எப்போதும் போகிற பாதைதான். பாதி வழியில் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ரோட்டை எப்போ தோண்டிப் போட்டாங்க?" யாரும் தோண்டவில்லை. அதே ரோடுதான். மாறியது என் டயர்.

என்ன மாறியது என்பதை எண்களில் பார்த்துவிட்டால் மீதிக் கதை தானாகப் புரியும். என் பழைய டயரில் 225/55 ஆர்17 என்று போட்டிருந்தது. 225 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அதாவது அந்த அகலத்தில் 55 சதவீதம், கிட்டத்தட்ட 124 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், இது மட்டும் இன்ச்சில். (ஒரே பெயருக்குள் மி.மீ., சதவீதம், இன்ச் மூன்றையும் திணித்த புண்ணியவான் யாரோ.) மேலும் கீழும் ரப்பர், நடுவில் ரிம், எல்லாம் கூட்டினால் முழு வீலின் உயரம் 679 மி.மீ.

ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எல்லாமே இந்த 679-ஐ நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. மட்கார்டுக்குள் இருக்கும் இடமும் அவ்வளவுக்குத்தான். அதனால் ரிம் வளர்ந்தால் ரப்பர் இளைத்தே ஆக வேண்டும். 18-க்கு 245/45 போட்டால் பக்கச்சுவர் 110 மி.மீ. 19-க்கு 245/40, அப்போது 98. 20-க்கு 245/35, வெறும் 86. மூன்றிலும் முழு உயரம் பழைய 679-ஐ விட்டு 2 மி.மீ.கூட விலகாது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு வீல் "பெரிசாகிவிட்டது". உண்மையில் பெரிசானது உலோகம், குறைந்தது காற்று.

அந்த 86-ம் முழுசாக உங்களுக்குக் கிடைக்காது. ரிம்மின் உதடு சுமார் 17 மி.மீ. அளவுக்கு ரப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழித்தால் 17 இன்ச்சில் அமுங்கி எழும்ப 107 மி.மீ. இருந்தது, 20-ல் 69 மி.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சாலையின் சின்னச் சின்ன விளிம்புகள், ஒட்டுப்போட்ட தார், பாலத்தின் இணைப்புகள் இவற்றையெல்லாம் முதலில் விழுங்குவது ஸ்பிரிங்கோ டேம்பரோ (ஷாக் அப்சார்பர்) அல்ல, இந்த ரப்பர்தான். இது விழுங்காததைத்தான் சஸ்பென்ஷன் பார்க்கிறது. சஸ்பென்ஷனும் விட்டதை உங்கள் முதுகு பார்க்கிறது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: "ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 22 இன்ச்சில் ஓடுகிறதே, அது சொகுசு இல்லையா?" நல்ல கேள்வி. அதன் முன்டயர் 255/45 ஆர்22. பக்கச்சுவர் 115 மி.மீ. முழு வீலின் உயரம் ஏறத்தாழ 788. நம் வீலை விட 10 செ.மீ.க்கு மேல் உயரமானது. அவ்வளவு பெரிய வீலை உள்ளே வைக்கத் தோதாக வண்டியையே வரைந்திருக்கிறார்கள். 22 என்ற எண்ணை மட்டும் கடன் வாங்கி நம் வண்டியில் வைத்தால் வருவது வேறு. எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம்: 1989-ல் வந்த முதல் லெக்ஸஸ் எல்எஸ் 400, அமைதிக்கும் மென்மைக்கும் பேர் போன வண்டி, 15 இன்ச் வீலில்தான் ஓடியது. டயர் 205/65, பக்கச்சுவர் 133 மி.மீ. ஆகவே இன்ச்சைப் பார்க்காதீர்கள், பக்கச்சுவர் எத்தனை மி.மீ. மிஞ்சுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் 110-க்குக் கீழே இறங்கினால் பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரிகிறது. 100-க்குக் கீழே ஓட்டுகிறவருக்கும் தெரிகிறது.

அடுத்தது எடை. கழற்றிய வீல்களை வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். 17 இன்ச் வீல் டயரோடு 21 கிலோ. 19 இன்ச் 25 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மூலைக்கு நாலு கிலோ என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இது டிக்கியில் வைத்த நாலு கிலோ அல்ல, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது. பள்ளத்தில் விழுந்து எழும் வீலைப் பிடித்து அடக்குவது டேம்பரின் வேலை. வீல் கனத்தால் அது திணறும். குண்டும் குழியுமான ரோட்டில் முன்பக்கம் படபடவென்று உதறுவது போல எனக்குத் தெரிந்தது இதனால்தான். போதாததற்கு அந்த எடை முழுவதும் சுழல்கிறது, ஒவ்வொரு முறையும் அதைச் சுழற்றி எழுப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

என் 19-க்கு என்ன முடிவு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மழை ராத்திரி, தண்ணீர் நிறைந்த பள்ளம், வேகம் 60 இருக்கும். 'டக்' என்ற சத்தம் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நார்கள் அறுந்திருந்தன. புடைத்த டயருக்குப் பஞ்சர் வேலை கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். அதோடு போகவில்லை. ரிம்மின் உள் உதட்டில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், தினமும் காற்று இறங்கியது. அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு ரிம் என்று சொல்லித்தான் விற்றார்கள். விரிசலைக் காட்டப் போன இடத்தில் சாதாரண வார்ப்பு என்றார்கள். விற்றவரிடம் திரும்பப் போனதில் பயனில்லை. வாங்கும்போதே ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கான ரிம்மில் அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு), எத்தனை கிலோ தாங்கும் என்பது எல்லாம் பதித்திருக்கும். ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற ஜப்பானியச் சோதனை முத்திரைகளும் பல ரிம்களில் இருக்கும். என்னுடையதில் அகலத்தையும் விட்டத்தையும் தவிர வேறு எதுவுமே இல்லை. அழகில் மயங்கியவனுக்குப் பின்பக்கம் எங்கே தெரியும்.

ஆஃப்செட்டிலும் ஏமாந்தேன். பழைய ரிம் 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 48. புதியது எட்டரை இன்ச், ஆஃப்செட் 38. அகலம் அரை இன்ச் கூடியதில் வெளிப்பக்கம் 6 மி.மீ., ஆஃப்செட் 10 குறைந்ததில் இன்னொரு 10 மி.மீ. மொத்தத்தில் ஒவ்வொரு வீலும் 16 மி.மீ. வெளியே வந்துவிட்டது. தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேர் ஏறி ஒரு வேகத்தடையில் இறங்கியபோது பின்டயர் மட்கார்டில் உரசி, தீய்ந்த ரப்பர் வாடை வந்தது. சாலையில் தேய்ந்த தடம் எங்கே இருந்தாலும் ஸ்டீயரிங் அதன் பின்னால் ஓடவும் ஆரம்பித்தது. பழைய ஆஃப்செட்டிலிருந்து நாலைந்து மி.மீ.க்கு மேல் விலகாதீர்கள். ரிம்மின் நடுத்துளை ஹப்பில் (வீலை மாட்டும் அச்சு முகப்பில்) சரியாக உட்கார வேண்டும், பெரிதாக இருந்தால் வளையம் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேகம் கூடும்போது நடுக்கம் வரும். போல்ட் விஷயத்தில் விளையாட்டே கூடாது. சில வண்டிகளுக்கு உருண்டை முனை, சிலவற்றுக்குக் கூம்பு முனை. ரிம்முக்குப் பொருந்தாத போல்ட் முறுக்கினால் இறுகியது போலவே இருக்கும், பிறகு தளரும்.

சரி, டயருக்கு வருவோம். அளவு பொருந்தினால் மட்டும் போதாது, சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். என் பழைய டயரில் 97 என்று இருந்தது, ஒரு டயருக்கு 730 கிலோ. 245/35 ஆர்20-ல் பொதுவாகக் கிடைப்பது 95 எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கென்று பலப்படுத்திய டயர்), அதாவது 690 கிலோ. அந்த 690-ஐயும் எக்ஸ்எல் டயர் 2.9 பாரில், ஏறக்குறைய 42 பிஎஸ்ஐ காற்றில்தான் தாங்கும். சாதாரண டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 2.5 பார் போதும், 36 பிஎஸ்ஐ. அதாவது ஏற்கனவே மெலிந்த டயருக்குள் காற்றையும் கூட்டி வைக்க வேண்டும். கல்லுக்கு மேல் கல். 20 பற்றி அதிகம் பேச மாட்டேன் என்றது இதனால்தான்.

18-க்கு நான் தேர்ந்தெடுத்தது 225/50, சுமை எண் 99 எக்ஸ்எல். கடையில் எல்லோரும் 245/45 போடச் சொன்னார்கள். ரிம் பெரிதானால் டயரும் அகலமாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. 225/50-ல் பக்கச்சுவர் 112 மி.மீ., முழு உயரம் 682, பழையதை விட அரை சதவீதம்கூட அதிகமில்லை. ரிம் அகலம் பழைய 8 இன்ச்சே போதும். குறுகலான டயர் என்பதால் சத்தம் குறைவு, தேங்கிய மழைத்தண்ணீரில் மிதக்கும் பயமும் குறைவு. சுமை எண் பழையதை விட இரண்டு கூடுதலாக இருப்பதால், காற்றை 42 வரை ஏற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. திருப்பங்களில் சீறிப் பாய்கிறவருக்கு இது ருசிக்காது. அப்படிப்பட்டவர் சொகுசைப் பற்றிக் கேட்டிருக்கவும் மாட்டார்.

அப்புறம், டயரின் ரகம். ஒரே அளவில் மிஷ்லின் ப்ரைமசி மாதிரி சொகுசுக்குச் செய்ததும் இருக்கும், பைலட் ஸ்போர்ட் மாதிரி பிடிமானத்துக்குச் செய்ததும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் சில நேரம் ஒரு இன்ச் ரிம் வித்தியாசத்துக்குச் சமம். உங்கள் வண்டி ரன்ஃபிளாட் டயரோடு வந்திருந்தால் இன்னும் நல்லது. காற்றே இல்லாமல் வண்டியைச் சுமக்க வேண்டும் என்பதால் அதன் பக்கச்சுவர் இயல்பிலேயே விறைப்பு. 18-க்குப் போகும்போது சாதாரண டயருக்கு மாறினால், இழந்த மென்மையில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். என்ன, டிக்கியில் ஸ்டெப்னியோ, குறைந்தபட்சம் காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் கிட்டுமோ இருந்தாக வேண்டும்.

பின்னால் அகலம், முன்னால் குறுகல் என்று இரண்டு அளவு போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட முடியாது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியாக இருந்து, முன்பின் சுற்றளவு கொஞ்சம் வேறுபட்டாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தேயும். காற்றழுத்த சென்சார் வீலுக்குள் இருக்கும் வண்டி என்றால் புது ரிம்முக்குள் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

19-க்குச் சொன்ன நிபந்தனை இதுதான். கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ வண்டியோடு வந்த புத்தகத்தையோ பாருங்கள். உங்கள் மாடலுக்கே, உங்கள் சஸ்பென்ஷனுக்கே 19-ஐக் கம்பெனி அனுமதித்திருந்தால், அதே அகலம், அதே ஆஃப்செட், அதே சுமை எண்ணில் போடலாம். பல மாடல்களில் 19 வருவது ஸ்போர்ட் வகைக்கு மட்டும், அதன் ஸ்பிரிங்கும் டேம்பரும் வேறு.

அனுமதி இருந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். உங்கள் மாடலிலேயே 19 போட்ட வண்டி ஒன்று தெரிந்தவரிடமோ ஷோரூமிலோ கிடைக்கும். நீங்கள் தினமும் போகிற பாதையில் அதை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். முன்சீட்டில் உட்கார்ந்தால் வீல் அழகாக இருக்கிற நினைப்பே பாதி அதிர்ச்சியை விழுங்கிவிடும். முடிந்தால் வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வீல் மாறியதை மட்டும் சொல்லாதீர்கள்.

18 போட்ட பிறகு அம்மாவை அதே பாதையில் கூட்டிப் போனேன். ரோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் தூங்கிவிட்டார்.