சிரிக்க வைக்கும் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. திருமணத் தகவல் இணையதளம் வழியாகச் சந்தித்த இரண்டு பெண்கள், "நல்லவர்தான், ஆனால் கலகலப்பாகப் பேசவில்லை" என்று மறுத்துவிட்டார்கள். பெண்களைச் சிரிக்க வைக்கக் கற்றுத்தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அவர் விற்கப்போவது மனப்பாடம் செய்யும் துணுக்குகளை. உங்களைச் சந்தித்த பெண்கள் தேடியதோ பேச்சில் ஓர் இயல்பான இலகுவை. அன்றாட உரையாடல்களைக் கவனித்துப் பதிவுசெய்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், சிரிப்பில் பெரும்பகுதி மிகச் சாதாரணமான சொற்களைத் தொடர்ந்தே வருகிறது என்றும், நகைச்சுவை எனத்தக்க பேச்சுக்குப் பின் வருவது சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் என்றும் கண்டார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், முன்பின் அறியாத ஆணையும் பெண்ணையும் சில நிமிடங்கள் பேசவிட்டு 2015-இல் வெளியிட்ட ஆய்விலும், இருவரும் சேர்ந்து சிரித்ததே ஈர்ப்பின் வலுவான அடையாளமாக இருந்தது.

"பெண்கள் சிரிக்க வைப்பவரையே விரும்புவார்கள்" என்பதற்கு இத்தகைய பயிற்சியாளர்கள் ஆய்வு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, பிரெஸ்லர், மார்ட்டின், பால்ஷைன் ஆகியோர் 2006-இல் வெளியிட்டது. அது கல்லூரி மாணவர்கள் தெரிவித்த விருப்பம். பெண் பார்க்கும் கூடத்துக்கான விதி அல்ல. இந்தப் பயிற்சியாளர்களிடம் இன்னும் மோசமான ஒரு சரக்கும் உண்டு: பெண்ணின் உடையையோ ஊரையோ வேலையையோ லேசாக மட்டம் தட்டினால் அவள் கவனம் உங்கள் பக்கம் திரும்புமாம். திரும்பும், அடுத்த வரனைப் பார்க்கும் முடிவோடு. தயவுசெய்து அதைச் செய்து பார்க்காதீர்கள்.

தன்னைத்தானே கேலி செய்துகொள்வதை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன், அதிலும் அளவு தெரிய வேண்டும். கிரீன்கிராஸ், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் காட்டியபடி, அந்தஸ்தில் உயர்ந்தவர் தன்னைக் கிண்டல் செய்துகொள்ளும்போதுதான் அது கவர்ச்சியாகிறது. காலூன்றி நிற்பவர் குனிந்தால் பணிவு. தடுமாறுபவர் குனிந்தால் விழுகிறார் என்றே தோன்றும். ஆகவே "நான் வைத்த ரசத்தை நானே இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டதில்லை" என்று சொல்லலாம். அது ஒரு சிறு குறை, அவரும் தன் சமையல் கதையைச் சொல்ல இடம் தருகிறது. "என்னை யார் கட்டிக்கொள்ளப் போகிறார்கள்" என்று சொல்லக்கூடாது. சம்பளம், உடல்வாகு, முன்பு மறுக்கப்பட்டது ஆகிய மூன்றையும் முதல் சந்திப்பில் கேலிக்கு எடுக்கவே வேண்டாம். கேட்பவருக்குச் சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று தெரியாது.

நட்சத்திரம், உயரம், ஆண்டு வருமானம் எல்லாவற்றையும் கட்டம் கட்டிக் கேட்டுவிட்டு, அத்தை மாமாக்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் கூடத்தில் இருவரையும் இருபது நிமிடம் உட்காரவைத்து, கலகலப்பில்லை என்று தீர்ப்பெழுதும் இந்த ஏற்பாட்டில் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? வீட்டாரிடம் பேசி, பொது இடத்தில் பெரியவர்கள் இல்லாத இரண்டாவது சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். அங்கே துணுக்கு எதுவும் வேண்டாம். அவர் சொன்ன ஒன்றைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள், அவர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் மனம்விட்டுச் சிரியுங்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டாலும் மீதியைக் கட்டாதீர்கள்.