சாபேரா கொனோசேரா, பெதிரா ப்ரெகுந்தாரா? ஸ்பானிய வினைச்சொற்களில் எதை எங்கே போடுவது?

அகராதியில் இரண்டு இரண்டு சொல்லுக்கு ஒரே ஆங்கில அர்த்தம் போட்டிருக்கிறது, சாபேர், கொனோசேர் இரண்டுக்கும் know, பெதிர், ப்ரெகுந்தார் இரண்டுக்கும் ask, என்பதுதானே உங்கள் சிக்கல்? முதலில் அந்த ஆங்கிலத்தை ஓரமாக வையுங்கள். தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு நேரே ஸ்பானிய மொழிக்குப் போனால் பாதிக் குழப்பம் தீரும். மற்றப் பாதியில் தமிழே காலை வாரும்.

"நீந்தத் தெரியும்", "அவர் எங்கே என்று தெரியும்", "பதில் தெரியும்" எல்லாம் சாபேர். "அவரைத் தெரியும்" என்று ஆளோடு ஐ ஒட்டினால் கொனோசேர். அங்கேயும் ஆளின் பெயருக்கு முன் ஒரு 'ஆ' வரும்: கொனோஸ்கோ ஆ மரியா. நம்முடைய ஐ உருபுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. ஊர்ப்பெயருக்கு இந்த அடையாளம் உதவாது. "கண்டி எனக்கு நல்லாத் தெரியும்" என்பதில் ஐ இல்லை, ஆனாலும் கொனோசேர்தான். இறந்தகாலத்தில் பொருளே கொஞ்சம் நகரும்: கொனோசீ என்றால் பெரும்பாலும் முதல் தடவை சந்தித்தேன், சூப்பே (சாபேரின் இறந்தகாலம்) என்றால் தெரியவந்தது.

'கேள்' விஷயத்தில் நம் பாடு ஆங்கிலக்காரரை விட மோசம். தேத்தண்ணி கேட்டால் பெதிர், விலை கேட்டால் ப்ரெகுந்தார், பாட்டுக் கேட்டால் எஸ்குச்சார், எங்கேயோ வெடிச்சத்தம் கேட்டால் ஒயிர். கடைசி இரண்டையும் தமிழே பிரித்துத் தந்துவிடுகிறது: "கேட்டேன்" எஸ்குச்சார், "எனக்குக் கேட்டது" ஒயிர். முதல் இரண்டுக்கு, பதிலாக என்ன வரவேண்டும் என்று பாருங்கள். கடையில் பாண் இருக்கிறதா என்பது ப்ரெகுந்தார். ஒரு றாத்தல் தாங்கோ என்பது பெதிர். 'கேள்வி கேட்பது' மட்டும் இரண்டிலும் சேராது. கேள்வியை அவர்கள் 'செய்வார்கள்', ஆசேர் உனா ப்ரெகுந்தா.

(பாண் அங்கே பான், மேசை மேசா, சப்பாத்து சப்பாத்தோ. நம் சொற்கள் ஸ்பானியத்தை ஒத்திருப்பது, அதற்கு நெருங்கிய மொழி பேசி, 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் விட்டுப்போன போர்த்துக்கேயரின் புண்ணியம். வினைச்சொற்களையும் விட்டுப் போயிருந்தால் நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை.)

ஆனால் எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குவது நீங்கள் கேட்காத ஒரு சோடியில். அம்மா கூப்பிட்டால் "இந்தா வாறேன்" என்போம். ஸ்பானியர் "யா வொய்" என்பார்கள், அதாவது போகிறேன். வெனிர் என்றால் பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கு வருவது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை மாமிக்கு போன் எடுத்து, "நாளைக்கு உங்கட வீட்டுக்கு வாறேன், வட்டிலப்பம் கொண்டு வாறேன்" என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு 'வாறேன்'உம் மாறவேண்டும்: முதலாவது இர் (போவது), இரண்டாவது யேவார் (கொண்டு போவது). மாமி "வா, கொண்டு வா" என்று சொன்னால்தான் வெனிர், த்ராயேர் (கொண்டு வருவது).

இரண்டுக்கும் ஆங்கிலத்தில் be என்று போட்டிருக்கும் சேர், எஸ்தார் பற்றி ஒன்றே ஒன்று. நிரந்தரம் என்றால் சேர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்ற விதியை நம்பாதீர்கள். கொழும்பு இலங்கையில் இருப்பதற்கும் எஸ்தார், ஒருவர் இறந்துபோயிருப்பதற்கும் எஸ்தார். "அவர் டாக்டர்" என்று 'இரு' இல்லாமல் நிற்கும் வாக்கியம் சேர். "தேத்தண்ணி சூடா இருக்கு" எஸ்தார். "அவள் உயரமா இருக்கிறாள்" என்பது மட்டும் இந்தக் கணக்கில் அடங்காமல் சேருக்குப் போகும். அது பெரிய கதை, தனிக் கேள்வியாகப் போடுங்கள்.