பழைய லேண்ட் ரோவர் வாங்கலாமா? சம்பளத்தை வச்சே கணக்கு போட்டு பாத்துருவோம்

கேள்வி: சார் வணக்கம். எனக்கு 38 வயசு, ஏழு வயசுல ஒரு பொண்ணு. சின்ன வயசுல இருந்தே பழைய லேண்ட் ரோவர் மேல ஆசை. இப்ப 1974 மாடல் சீரிஸ் 3 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, என்னோட ஆறு மாச சம்பளம் அளவுக்கு கேக்குறாரு. கையில 12 மாச சம்பளம் அளவுக்கு சேமிப்பு இருக்கு. வீட்டுக் கடன் தவணையும் சேத்து மாசா மாசம் சம்பளத்துல 70 சதவீதம் செலவாயிடும். சேமிப்புல இருந்து எடுக்கவா, இல்ல பர்சனல் லோன் போடவா? ஓடாத வண்டி ஒண்ணு இதுல பாதி விலைக்கு இருக்கு, அதை வாங்கி மெதுவா ரெடி பண்ணலாமா? இது செலவே இல்ல, முதலீடுன்னு விக்கிறவரு சொல்றாரு. வீட்ல இன்னும் சொல்லல.

பதில்: உங்க கேள்வியில எனக்கு பெருசா பட்டது கடைசி வரிதான், அதுக்கு அப்புறமா வர்றேன். முதல்ல கணக்கு. நீங்களே மாச சம்பளத்துல சொன்னது ரொம்ப நல்லதா போச்சு, நானும் அதையே அளவுகோலா வச்சுக்கிறேன்.

உங்க 12 மாச சம்பளம் முழுசும் வண்டிக்கான காசு இல்ல. வேலை போனாலோ உடம்பு முடியாம போனாலோ ஆறு மாசம் குடும்பம் ஓடணும், அதுக்கு 70 சதவீதம் வீதம் ஆறு மாசத்துக்கு 4.2 மாச சம்பளம் ஆகுது. அதை தொடவே கூடாது. மீதி 7.8. ஆறுக்கு வண்டி, இன்னும் 1.8 கையில இருக்கேன்னு தோணும், ஆனா பழைய 4x4, அதாவது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, வாங்குறவங்க சறுக்குறதே இந்த இடத்துலதான். 50 வருஷம் ஆன வண்டியை வாங்கின முதல் வருஷம் டயர், பிரேக், ஹோஸ், வயரிங், இன்ஜின்ல இருந்து கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இழுவையை பிரிச்சு குடுக்குற பெட்டி), முன்ன பின்ன ரெண்டு டிஃபரென்ஷியல் (திரும்பும்போது சக்கரங்களை வேற வேற வேகத்துல சுத்த விடுற பாகம்) வரைக்கும் எல்லா ஆயிலும் மாத்துறதுன்னு வரிசையா வரும். வாங்குற விலையில மூணுல ஒரு பங்கை இதுக்குன்னு தனியா எடுத்து வைங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்லுவேன். ஆறுல மூணுல ஒரு பங்கு ரெண்டு, ஆக மொத்தம் எட்டு, உங்ககிட்ட இருக்கிறது 7.8. இடிக்குது இல்லையா. பேர் மாத்துற செலவு, முதல் இன்சூரன்ஸ் எல்லாத்தையும் சேத்து பாத்தா உங்க உச்ச வரம்பு 5.5 மாச சம்பளம். அதுக்கு மேல ஒரு படி கூட ஏறாதீங்க.

லோன் வேண்டவே வேண்டாம். வாங்கின நாள்ல இருந்து மாசா மாசம் தீனி கேக்குற பொருளுக்கு வட்டியும் சேத்து கட்டுறது யானையை கடன்ல வாங்கி கட்டி வைக்கிற மாதிரி. வீட்டுக் கடன் மேலயே டாப்-அப் வாங்கலாம், வட்டி கம்மின்னு யாராச்சும் சொன்னா, அப்ப அடமானத்துல நிக்கிறது உங்க பொண்ணு தூங்குற வீடுன்னு மனசுல வச்சுக்கோங்க.

முதலீடுன்னு சொல்றதை பத்தி. பேர் போன பழைய மாடல்களுக்கு விலை ஏறியிருக்குங்கிறது நிஜம்தான், லேண்ட் ரோவர் டிஃபெண்டரோட பழைய வடிவம் 2016 ஜனவரில உற்பத்தி நின்னு போச்சு, டொயோட்டா எஃப்ஜே40 1984லயே நின்னுருச்சு, இனிமே புதுசா வராதுன்னு தேடுறவங்க கூடுனாங்க. ஆனா விலை ஏறுறது வேற, நமக்கு லாபம் வர்றது வேற. 5.5க்கு வாங்குறீங்க, முதல் வருஷ வேலைக்கு 1.8 போகுது, அப்புறம் இன்சூரன்ஸ், சர்வீஸ், நிறுத்துற இடம்னு வருஷத்துக்கு அரை மாச சம்பளம்னு வச்சுக்கிட்டா 10 வருஷத்துல அஞ்சு. மொத்தம் 12.3. போட்ட காசு மட்டும் திரும்பணும்னாலே வாங்கின விலையை விட ரெண்டே கால் மடங்குக்கு விக்கணும், அதாவது வருஷா வருஷம் 8 சதவீதத்துக்கு மேல 10 வருஷம் விடாம விலை ஏறணும். அந்த காசு வேற இடத்துல இருந்திருந்தா வந்திருக்கிற வட்டியை நான் இன்னும் சேக்கவே இல்ல. அவசரத்துக்கு வித்துக்கலாம்னும் நினைக்காதீங்க, இந்த மாதிரி வண்டிக்கு ஆள் கிடைக்கிறதுக்கே மாசக்கணக்குல ஆகும், அவசரத்துல விக்கிறவன்கிட்ட எவனும் நல்ல விலை பேச மாட்டான். அதனால இதை ஆசைக்கான செலவுன்னே எழுதி வைங்க. உங்க நிலைமைல தாங்கக்கூடிய செலவுதான், தப்பே இல்ல.

ஓடாத வண்டியை விட்டுருங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்ற கதை அதுதான். பாதி விலைக்கு வந்த வண்டியை பிரிச்சதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வரும், வெல்டிங், பெயிண்ட், இன்ஜின் வேலைன்னு கூலி ஏறிக்கிட்டே போகும், நடுவுல நிறுத்தவும் முடியாது, பிரிச்சு போட்ட வண்டிக்கு வாங்கின விலை கூட தேறாது. தானே வெல்டிங் பண்ணத் தெரிஞ்சு, கூரையோட இடமும் இருந்து, மூணு நாலு வருஷம் பொறுமையும் இருக்கிறவங்க வேணும்னா தொடலாம்.

சரி, 5.5க்கு அவர் இறங்கி வந்தா என்ன பாக்கணும்? சேஸிஸ், அதாவது மொத்த வண்டியையும் தாங்குற அடிச்சட்டம். அதுதான் உங்க காசு. லேண்ட் ரோவர் பாடி அலுமினியம், துருப் பிடிக்காதுன்னு விக்கிறவங்க எல்லாரும் சொல்லுவாங்க, பெரும்பாலும் உண்மைதான், 1948ல முதல் வண்டி வந்தப்ப போர் முடிஞ்ச பிரிட்டன்ல இரும்புக்கு தட்டுப்பாடு, அதனாலதான் அலுமினிய கலவைல பாடி அடிச்சாங்க. ஆனா அடில இருக்கிற சேஸிஸும், காலுக்கு முன்னாடி இருக்கிற பல்க்ஹெட் தகடும் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடுற இடத்துல அலுமினியமே வெள்ளையா பொடிஞ்சு உதிரும், கதவோட அடி ஓரத்துல விரலை வச்சு தேய்ச்சு பாருங்க.

ஒரு தடவை தெரிஞ்சவர் ஒருத்தருக்காக ஒரு வண்டி பாக்க போனேன். அடில பளபளன்னு புது கருப்பு பெயிண்ட், பாத்தா அப்படி ஒரு சுத்தம். கூட வந்த மெக்கானிக் ஒண்ணும் பேசாம சின்ன சுத்தியலை எடுத்து சேஸிஸை முன்னால இருந்து தட்டிக்கிட்டே வந்தாரு. டங், டங், டங்னு வந்துட்டே இருந்தது பின் ஸ்பிரிங் மாட்டுற இடத்துல டொப்புன்னு கேட்டுச்சு. அங்க ஸ்க்ரூட்ரைவரை வச்சு அழுத்தினாரு, பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. பழுப்பு நிறத்துல பொடி கொட்டுச்சு. அன்னைக்கு அட்வான்ஸ் குடுக்காம வந்தோம். கால்வனைஸ் பண்ணின, அதாவது துருப் பிடிக்காம இருக்க துத்தநாகம் பூசின புது சேஸிஸ் இந்த வண்டிகளுக்கு இன்னைக்கும் செஞ்சு விக்கிறாங்க, ஆனா அதை போடணும்னா வண்டி முழுசையும் கழட்டி மாட்டணும், உங்க பட்ஜெட்டுக்கு அது ஆகாது.

மத்தது சீக்கிரமா சொல்லிடுறேன். சேஸிஸ்ல அடிச்ச நம்பரும் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், இன்ஜின் மாத்தியிருந்தா அது பேப்பர்ல ஏறியிருக்கணும், உங்க பகுதில இந்த வயசு வண்டியை பதிவு பண்ணி ஓட்ட விடுவாங்களான்னு அட்வான்ஸுக்கு முன்னாடியே கேட்டுருங்க. டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2314ன்னா 2014ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, பட்டன் நல்லா இருந்தாலும் 10 வருஷம் தாண்டினது மாத்த வேண்டியதுதான், பானெட் மேல இருக்கிற ஸ்டெப்னியையும் பாருங்க. மஞ்சள் குமிழை அழுத்தினா நாலு சக்கரமும் இழுக்கணும், சிவப்பு லீவரை பின்னால இழுத்தா லோ ரேஞ்ச் (மெதுவா போனாலும் இழுவை கூடுற கியர்) விழணும், ஆனா இதை மண் தரையில மட்டும் சோதிச்சு பாருங்க, நடுவுல டிஃபரென்ஷியல் இல்லாத வண்டி, காஞ்ச தார் ரோட்ல 4x4 போட்டு திருப்பினா கியர்பாக்ஸ் பக்கம் முறுக்கிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை அரிச்சிடும், ஒழுகினா தீப்பிடிக்கிற விஷயம், அதனால பெட்ரோல் லைன் மொத்தத்தையும் முதல் மாசமே மாத்திடுங்க.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒத்துக்கிட்ட மதிப்புல, அதாவது வண்டிக்கு இவ்வளவுன்னு கம்பெனியும் நீங்களும் முன்னாடியே பேசி வச்ச தொகைல, எடுக்க முடியுமான்னு கேளுங்க. சாதாரண பாலிசில 50 வருஷ வண்டிக்கு தேய்மானம் போட்டு ஒண்ணுமில்லாத தொகை காட்டுவாங்க, வண்டி போச்சுன்னா அந்த தொகைதான் கையில வரும்.

இப்ப அந்த கடைசி வரி. வீட்ல சொல்லாம வாங்காதீங்க, தயவு செஞ்சு. 12ல 7க்கு மேல போகப் போறது ரெண்டு பேரும் சேந்து சேத்த காசு. ஆசையை மட்டும் சொன்னா பயப்படுவாங்க, கணக்கோட சொல்லுங்க, 4.2 தொடாம இருக்கு, உச்சம் 5.5, வருஷத்துக்கு அரை மாச சம்பளம், அதாவது சம்பளத்துல மாசம் 4 சதவீதம் இதுக்குன்னு தனி கணக்குல போகும்னு ஒரு பேப்பர்ல எழுதி காட்டுங்க. இன்னொண்ணும் அவங்க கேப்பாங்க, கேக்கணும். இந்த வண்டில ஏர்பேக் கிடையாது, நாலு சக்கரமும் டிரம் பிரேக், பின் சீட் பக்கவாட்டுல இருந்தா பொண்ணுக்கு ஒழுங்கான பெல்ட் கூட மாட்ட முடியாது. அதனால இப்ப இருக்கிற காரை விக்காதீங்க, ஸ்கூலுக்கும் ஹைவேக்கும் அதுவே போகட்டும். கார் இல்லாம இதை மட்டும் வச்சு ஓட்டலாம்னு நினைச்சிருந்தீங்கன்னா என் பதில் வேண்டாம்ங்கிறதுதான்.

ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணினா, ஒரு காலைல இன்ஜினை சூடு பண்ணி வைக்காதீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டு போங்க, போனதும் பானெட் மேல கை வச்சு பாருங்க, சில்லுன்னு இருக்கணும், அப்பதான் ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு தெரியும். மெக்கானிக்கையும் சுத்தியலையும் மறக்காதீங்க.