வெளிநாட்டில் பிள்ளையைக் கடத்திவிட்டால்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

மாலி நாட்டில் வேலை பார்த்த நம் தென்காசி, தூத்துக்குடிப் பிள்ளைகள் ஐந்து பேரை 2025 நவம்பரில் ஆயுதக் குழு தூக்கிக்கொண்டு போன செய்தி வந்த நாளிலிருந்து, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இதே பேச்சுதான். நான் குவைத்திலும், பிறகு ஈராக், ஆப்கானிஸ்தான் கேம்ப்களிலும் பதினேழு வருடம் டைம்கீப்பராக ஆள் கணக்கு எழுதியவன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

புதுவயலிலிருந்து ஒரு அம்மா: மகன் ஐ.டி.ஐ. முடிச்ச எலக்ட்ரீசியன். ஆப்பிரிக்காவுல டவர் லைன் வேலைன்னு ஏஜென்ட் கூப்பிடுறார். "போலீஸ் காவலோடதான் வேலை, பயப்படாதீங்க"ங்கிறார். அனுப்பலாமா தம்பி?

அக்கா, முதலில் "ஆப்பிரிக்கா" என்று சொல்வதை ஏற்காதீர்கள். எந்த நாடு, அந்த நாட்டில் எந்த ஊர் என்று கேளுங்கள். மாலி, நைஜர் என்றால் என் பதில், வேண்டாம். நைஜரில் 2025 ஏப்ரலில் ஐந்து இந்தியர்களைப் பிடித்தார்கள்; அவர்கள் மின்பாதை வேலைக்குப் போனவர்கள். ஜூலை 1 அன்று மாலியில் கேய்ஸ் நகரத்துச் சிமென்ட் ஆலைக்குள்ளேயே புகுந்து மூன்று இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். நவம்பரில் பிடித்த நம் ஐந்து பேரும் மின்வசதித் திட்டத்துக்குப் போனவர்கள்தான். லைன் வேலை ஊருக்கு வெளியே மைல் கணக்கில் நீளும். அதே வண்டி, அதே ரோடு, அதே நேரம். ஒரு வாரம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் மனப்பாடமாகிவிடும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆப்கானிஸ்தானில் எங்கள் கேம்ப் பஸ் தினமும் காலை 5:40க்குக் கிளம்பும். உள்ளூர் டிரைவர் என் மேசைக்கு வந்து, நேரத்தை மாற்றுங்கள், ரோட்டில் புது முகங்கள் நிற்கிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். ஆபீஸில் போய்ச் சொன்னேன். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு குழம்பும் என்றார்கள். நாலாம் நாள் பஸ்ஸை மறித்து இரண்டு பேரை இறக்கிக்கொண்டு போனார்கள். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. பெரிய கம்பெனியின் ஆள் பட்டியலில் அந்த இரண்டு பெயரும் இல்லை. அவர்கள் சப் காண்ட்ராக்டருக்கு ஆள் சப்ளை செய்த இன்னொருவரின் ஆட்கள். "இவங்க எங்க ஆளா, உங்க ஆளா" என்று தீர்மானிக்கவே மூன்று நாள் போயிற்று. கடத்தப்பட்டவனுக்கு முதல் மூன்று நாள்தான் விலைமதிக்க முடியாதது. அதற்குள்தான் அவனை இடம் மாற்றுவார்கள்.

அதனால் அக்கா, எந்த நாடாக இருந்தாலும் அக்ரிமென்ட்டில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: வேலை செய்யப்போகும் ஊர், சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் பெயர், தளத்துக்குக் கூட்டிப்போவது யார் பொறுப்பு. நம் ஊரில் அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை வருஷக் கணக்கு, யாரிடம் சம்பளம் என்று எல்லாம் அதில் இருக்கும். இன்று கலர் பிரிண்ட்டில் வரும் அக்ரிமென்ட்டில் ஊர் பெயரே இருப்பதில்லை.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். ஆகிவிடும், குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. தேறாதவர்களுக்கும் அந்த அனுமதி 18 நாடுகளுக்கு மட்டும்தான். ஈராக், லிபியா, ஏமன், சூடான் அந்தப் பட்டியலில் உண்டு. மாலியும் நைஜரும் இல்லை. அதாவது உங்கள் மகனின் அக்ரிமென்ட்டை அரசாங்கத்தில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்காமலே அவன் விமானம் ஏறலாம். ஏற்கெனவே போய்விட்ட பிள்ளைகள் பமாகோ, நியாமி நகரங்களில் உள்ள நம் தூதரகத்தில் பெயரையும் தளத்தின் இடத்தையும் பதிந்துவைக்க வேண்டும். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையிலும் குடும்பம் பதியலாம்.

திருப்பத்தூர்த் தம்பி: நமக்கும் அந்த நாட்டுச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லையே அண்ணே. ஏன் இந்தியனைப் பிடிக்கிறாங்க?

பகை தேவையில்லை தம்பி. வெளிநாட்டான் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு கம்பெனியும் ஒரு அரசாங்கமும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2004 ஜூலையில் ஈராக்கில் ஏழு லாரி டிரைவர்களைப் பிடித்தார்கள். மூன்று பேர் இந்தியர், மூன்று பேர் கென்யர், ஒருவர் எகிப்தியர். முக்கியமான கோரிக்கை, அவர்கள் வேலை பார்த்த குவைத் கம்பெனி ஈராக்கை விட்டு வெளியேற வேண்டும் என்பது. கம்பெனி ஒப்புக்கொண்டு செப்டம்பர் 1 அன்று விடுவித்தார்கள். நான் அப்போது குவைத்தில் வேறொரு லாரி யார்டில் இருந்தேன். எங்கள் டிரைவர்கள் டி.வி. முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. குவைத்தில் வண்டி ஓட்ட என்று சொல்லி எடுத்தவர்களை எல்லை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் டிரிப் ஷீட்டில் எவர் பெயரை எழுதுவது என்று என் கை ஓடவில்லை. அதே ஆகஸ்ட் கடைசியில் நேபாளத்து ஏழைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அங்கே கொன்றுபோட்டார்கள்.

பிடிப்பவன் ஒருவன், வைத்திருப்பவன் இன்னொருவன் என்பதும் உண்டு. பணத்துக்காகத் தூக்குகிற கும்பல் பெரிய குழுவுக்குக் கைமாற்றிவிடும். கை மாறினால் கோரிக்கையும் மாறிவிடும்.

தேவகோட்டையிலிருந்து: அலெக்சிஸ் பிரேம்குமார் பாதிரியார் நம்ம மாவட்டத்துக்காரர்தானே? அவர் எப்படி மீண்டார்?

ஆமாம், சிவகங்கை மாவட்டத்துக்காரர். இங்கே இலங்கை அகதிகளோடு பல வருடம் உழைத்துவிட்டு, இயேசு சபையின் அகதிகள் சேவைக்காக ஆப்கானிஸ்தான் போனவர். ஊர் திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு ஹெராத் பக்கம் போனபோது 2014 ஜூன் 2 அன்று பிடித்தார்கள். 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலை. எட்டு மாதம் இருபது நாள்.

அவர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, அவர் யாருடைய ஆள் என்பதில் ஒரு நாள்கூடக் குழப்பம் இருக்கவில்லை. அவர் சபை கேட்டுக்கொண்டே இருந்தது, குடும்பம் கேட்டது, தமிழகத்திலிருந்து டெல்லிவரை குரல் போனது. கேரளத்துப் பாதிரியார் டாம் உழுந்நாலில் ஏமனில் 2016 மார்ச் 4 முதல் 2017 செப்டம்பர் வரை சிறையிருந்தார். அவர் வெளியே வந்தது ஓமன் அரசு நடுவில் நின்றதால். நம் அரசாங்கம் நேராகப் பேச முடியாத இடத்தில் பேசக்கூடிய இன்னொரு நாடு வேண்டியிருக்கிறது. அந்த வேலை வெளியே தெரியாமல் நடக்கும். தெரியவில்லை என்பதால் நடக்கவில்லை என்று குடும்பம் இடிந்துபோகக் கூடாது.

கோட்டையூரிலிருந்து: நர்சுகளை விட்டார்கள், பஞ்சாப் தொழிலாளர்களைக் கொன்றார்கள். இரண்டும் ஒரே மாதம், ஒரே நாடு. ஏன்?

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத கேள்வி. 2014 ஜூனில் ஈராக்கில் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 நர்சுகள் ஐ.எஸ். குழுவிடம் மாட்டினார்கள், பெரும்பாலும் மலையாளப் பிள்ளைகள். மோசுலுக்குக் கொண்டுபோய், பிறகு விட்டார்கள். ஜூலை 5 அன்று கொச்சியில் இறங்கினார்கள். அவர்கள் கையில் போன் இருந்தது. தூதரகத்தோடும் தங்கள் முதலமைச்சரோடும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மோசுலில் கட்டுமான வேலை பார்த்த 40 பேரைப் பிடித்ததும் அதே ஜூனில்தான். ஒருவர் மட்டும் தப்பினார். மற்ற 39 பேரின் வீடுகள் கிட்டத்தட்ட நாலு வருடம் காத்திருந்தன. 2018 மார்ச் 20 அன்றுதான், அவர்கள் உயிரோடில்லை என்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் சொன்னார். பாதுஷ் என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது நீள முடியும், சீக்கியர் கையில் போடும் கடாவும் கிடைத்தன. மரபணுவைப் பொருத்திப் பார்த்து உறுதி செய்தார்கள்.

கொன்றவர்களின் மனக்கணக்கை நான் விளக்க மாட்டேன். நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பக்கம் தினமும் ஒலித்த 46 குரல். இன்னொரு பக்கம் சத்தமே வராத 39 பெயர். குடும்பங்களுக்கு அத்தனை வருடமும் "உயிரோடு இருக்கிறார்கள்" என்ற சொல் மட்டும்தான் கிடைத்தது. அந்தத் தாய்மார்களுக்கு அது பெரிய அநியாயம்.

பள்ளத்தூரிலிருந்து: காசு கேட்டால் நிலத்தை வித்தாவது குடுத்துரலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். பணம் கேட்டு வரும் முதல் போன் பெரும்பாலும் கடத்தியவனுடையதே அல்ல. செய்தியைப் பார்த்துவிட்டு ஏமாற்ற வருபவனுடையது. இரண்டாவது, மாலியில் இயங்கும் பெரிய குழுவை ஐ.நா. 2018இலேயே பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த மாதிரிக் குழுவுக்கு உண்டியல் (ஹவாலா) வழியாகப் பணம் போனால் சட்டம் உங்கள் பக்கம் திரும்பும். 2014 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2133ஆம் தீர்மானத்தில், பயங்கரவாதிகள் பிணைப்பணத்தில் லாபம் அடையாமல் நாடுகள் தடுக்க வேண்டும் என்று சொன்னது. ஆனாலும் கம்பெனிகள் சில இதற்கென்றே ரகசியமாகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கும்; வேலையாளுக்கே சொல்ல மாட்டார்கள். பேசுவது அவர்கள் வேலை. உங்கள் வேலை, உயிரோடிருக்கிறான் என்ற அடையாளத்தைக் கேட்பது. போட்டோ போதாது. "சின்ன வயசுல ஆத்தங்குடிக் கல் தரையில வழுக்கி விழுந்து எந்தப் பல்லு உடைஞ்சது?" என்பது மாதிரி, அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள். பதில் வராமல் அடுத்த பேச்சு வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி: எங்க ஐயா ரெங்கூன்லேருந்து 1942ல காட்டு வழியா நடந்து வந்தாக. அப்பவும் இப்படிப் பிடிச்சு வச்சாங்களா?

நடந்து வந்தவர்கள் தப்பியவர்கள் ஆச்சி. வழியில் காலராவிலும் பசியிலும் போனவர்கள் எத்தனையோ பேர். பிடிபட்ட கதை மலாயாப் பக்கம். ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, தோட்டத்துத் தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போனது பாதி, லாரியில் அள்ளிக்கொண்டு போனது பாதி. பிணைப்பணம் கேட்கவில்லை, உழைப்பைக் கேட்டார்கள். "மரண ரயில்" என்று இன்றும் மலேசியாவில் பேச்சு இருக்கிறது. அங்கே போனவர்களின் பெயர்ப் பட்டியல் முழுதாக எங்கும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் கடிதமோ கணக்குப் புத்தகமோ இருந்தால் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: போர் நடக்கும் இடத்தில் இதற்குச் சட்டமே கிடையாதா சார்?

உண்டு அம்மா. 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 34ஆம் பிரிவு, பிணையாள் பிடிப்பது கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. அடுத்த பிரிவு, வெளிநாட்டுக் குடிமகன் அந்த நாட்டை விட்டு வெளியேற விரும்பினால் அதற்கு உரிமை உண்டு என்கிறது. உள்நாட்டுச் சண்டைக்கும் பிணையாள் தடை பொருந்தும். இதற்கென்றே 1979இல் தனி ஒப்பந்தமும் வந்தது. சட்டம் தண்டிக்கத்தான் பயன்படும். நடுவில் போய்க் கடிதம் கொடுக்கவும் ஆளைப் பார்க்கவும் செஞ்சிலுவைச் சங்கம் முயலும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கிற கம்பெனி இருக்கும்வரை அந்த வெளியேறும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

கண்டனூரிலிருந்து: வீடியோ வந்தால் எல்லாருக்கும் அனுப்பலாமா? டி.வி.க்காரர்கள் வந்தால்?

அனுப்பாதீர்கள். கெஞ்சும் முகத்தை நாம் பரப்பப் பரப்ப அவர்கள் விலை ஏற்றுவார்கள். போலீசுக்கும் வெளியுறவுத் துறைக்கும் மட்டும் கொடுங்கள். டி.வி.யில் வீட்டின் அளவு, தங்கை கல்யாணச் சீர், அண்ணன் சிங்கப்பூரில் இருப்பது எதையும் பேச வேண்டாம். அங்கே ஒருவன் அதைப் பார்ப்பான். அம்மா அழுவதைக் காட்டலாம். நம் பிள்ளையை மீட்டுத் தாருங்கள் என்று கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கல்லலிலிருந்து: மீண்டு வந்தவனிடம் எப்படி நடந்துகொள்வது? எங்கள் உறவில் ஒருவர் இப்போதுதான் வந்திருக்கிறார்.

நான் மேலே சொன்ன, ஆப்கானிஸ்தானில் எங்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போன இரண்டு பேரையும் பத்தொன்பதாம் நாள் விட்டார்கள். அதில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். ஊருக்கு வந்தபின் பார்க்கப் போனேன். வாசலில் பந்தல் போட்டு, மாலை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) சுவரோடு முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் "அடிச்சாங்களா, சோறு போட்டாங்களா" என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் மாலையை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

விருந்து வேண்டாம். சொன்னால் கேளுங்கள், கேட்டு வாங்காதீர்கள். ராத்திரி விளக்கை அணைக்காதீர்கள். கதவைச் சாத்தினால் பொறுக்காது என்றால் முற்றத்தில் படுக்கட்டும். கோபம் வரும், தூக்கம் வராது. சிவகங்கை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன்காரர்களை ஆறு மாதம் வாசலுக்கு விடாமல் பெரியவர்கள் யாராவது பொறுப்பெடுங்கள்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அவர் எழுந்து தன் அம்மாவிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு, "கொல்லைக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அந்த அம்மா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கூடவே நடந்துபோய், கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.