சர்வதேசக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவர் ரொனால்டோ இல்லையா? கிறிஸ்டின் சின்க்ளேர் என்கிறார்களே, யார் அவர்?

ஆண், பெண் இருபாலரையும் சேர்த்துப் பார்த்தால் சின்க்ளேர்தான், 190 கோல். கனடாவின் பர்னபியில் பிறந்த வீராங்கனை, 2000இல் 16 வயதிலேயே தேசிய அணிக்கு ஆட வந்துவிட்டார், 2020 ஜனவரியில் அமெரிக்க வீராங்கனை ஏபி வாம்பாக்கின் 184ஐத் தாண்டினார்.

எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிதாகத் தெரிவது 2011 உலகக் கோப்பையில் பெர்லினில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம். முழங்கை இடித்து மூக்கு உடைந்துவிட்டது, வெளியே வரச் சொன்னால் கேட்கவில்லை, உடைந்த மூக்கோடு ஒரு ஃப்ரீ கிக்கை வளைத்து வலைக்குள் போட்டார். ஆட்டம் தோல்விதான். அடுத்த வருஷம் லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகத் தனியாளாக மூன்று கோல் அடித்தும் 4-3 என்று தோற்றார்கள், வெண்கலம்தான் கிடைத்தது.

கிளப் வாழ்க்கையும் சுலபமாக இல்லை. அமெரிக்க மகளிர் லீகில் 2010இல் பட்டம் வென்ற அவருடைய கோல்ட் பிரைட் அணி அந்த வருஷமே மூடப்பட்டது, அப்புறம் அந்த லீகே கலைந்துபோனது. சரி என்று 2013இல் போர்ட்லேண்ட் தார்ன்ஸுக்குப் போனவர், 2024இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்து மூன்று முறை சாம்பியன் ஆனார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடியும் அமெரிக்காவோடு அரையிறுதி. பெனால்டி கிடைத்ததும் பந்தைக் கையில் எடுத்தவர், தான் அடிக்காமல் இளையவரான ஜெஸ்ஸி ஃபிளெமிங்கிடம் கொடுத்தார். கோல். இறுதியில் தங்கம்.